பனிச்சறுக்கு ஊரில் சும்மா இருப்பவள்

எனக்குப் பனிச்சறுக்கு தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் "ஒரு தடவை ட்ரை பண்ணிப் பாருங்க, அப்புறம் விடவே மாட்டீங்க" என்று சொல்ல வாயெடுப்பார். அதைக் கேட்காத குளிர்காலமே எனக்கு இல்லை. ட்ரை பண்ணியாயிற்று. குழந்தைகள் பழகும் சரிவில், என் வயதில் பாதிகூட ஆகாத ஒரு பயிற்சியாளன் "பீட்சா, பீட்சா" என்று கத்த, அவன் சொன்னபடி இரண்டு காலையும் பீட்சாத் துண்டு மாதிரி முன்னால் கூட்டிவைத்தும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய் ஓர் ஆரஞ்சு நிற வலையில் மாட்டிக்கொண்டேன். அடி ஒன்றும் படவில்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கத்தரிக்காய் பிடிக்காது என்று சொன்னால் விட்டுவிடுகிற ஜனங்கள், பனிச்சறுக்கு பிடிக்காது என்றால் மட்டும் ஏதோ வியாதி கேட்டதுபோல் முகத்தைப் பார்க்கிறார்கள்.

நாங்கள் அமெரிக்காவில், சான்டா கிளாராவில் இருக்கிறோம். கணவருக்கும் எனக்கும் மென்பொருள் வேலை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பது என் உத்தியோகம். சம்பளம் இல்லாமலும் அதைச் செய்வேன் என்பார் கணவர். மகளுக்குப் பதினான்கு வயது, இங்கேயே பிறந்தவள். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பிப்ரவரியில் ஒரு வாரம் லீவு விடுவார்கள். அந்த லீவுக்குப் பெயரே 'ஸ்கீ வீக்'. வாரத்துக்கே சறுக்கு என்று பேர் வைத்துவிட்ட பிறகு வீட்டில் உட்கார்ந்திருந்தால் நாம்தான் குற்றவாளி. ஆகவே, முன்பு ஒரே அபார்ட்மென்டில் குடியிருந்த நான்கு தமிழ்க் குடும்பங்களும் அந்த வாரம் டாஹோ ஏரிப் பக்கம் கிளம்பிவிடும். மலையில் கேபின் என்று சொல்லும் ஒரு பெரிய மரவீட்டை வாடகைக்கு எடுப்போம். அதை புக் பண்ணுவதும், யார் யாருக்கு எந்த அறை என்று தீர்மானிப்பதும் ஒரே ஆள். எனக்குள் நான் அவரைக் கேபின்காரர் என்றுதான் சொல்லிக்கொள்வேன். வீடு என்னவோ அவருடையதில்லை.

போகிற வழியைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. பனி விழுந்தால் ஃப்ரீவேயில் வண்டிகளை நிறுத்தி, டயருக்குச் சங்கிலி மாட்டச் சொல்வார்கள். அலுவலகத்தில் நாற்காலியை உயர்த்தத் தெரியாத ஆண்கள் எல்லாரும் சேற்றுப்பனியில் குப்புறப் படுத்து, போனில் வீடியோவை ஓடவிட்டுச் சங்கிலியோடு மல்லுக்கட்டுவார்கள். என் கணவர் ஒவ்வொரு வருடமும் அந்தச் சங்கிலியை முதல்முறை பார்ப்பதுபோல் பார்ப்பார். பின்சீட்டில் மடிமேல் இட்லி மாவுப் பாத்திரத்தோடு நான்.

ஊர் வந்துவிட்டால் இன்னும் மோசம். சறுக்குகிற பூட்ஸைப் போட்டுக்கொண்டு மனிதர் மாதிரி நடந்தவரை நான் பார்த்ததில்லை. எலும்பு முறிவு வார்டில் மாவுக்கட்டோடு வராந்தாவில் உலாத்துகிறவர்கள் மாதிரி டொக் டொக்கென்று வருவார்கள், அதுவும் மிகுந்த பெருமையோடு. மலையடிவாரத்தில் ஒரு பெரிய கூடம் உண்டு. சறுக்காதவர்கள் உட்கார அதுதான் இடம். வீட்டு அடுப்படியிலிருந்து விடுபட்ட நேரத்தில் நானும் அங்கேதான். கண்ணாடிக்குப் பின்னால் கேஸில் எரிகிற ஒரு நெருப்பு, ஈரச் சாக்ஸ் நாற்றம், நாலு நாற்காலிக்கு நாற்பது பேர் போட்டி. என்னைச் சுற்றி எங்கள் கூட்டம் கழற்றிப்போட்ட ஷூ, பை, போன் சார்ஜர் எல்லாம் கிடக்கும். யாராவது அமெரிக்கர் வந்து, "ரெஸ்ட் எடுக்கிறீர்களா?" என்று அன்போடு கேட்பார். "இல்லை, நான் சறுக்குவதே இல்லை" என்றால் அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும் பாருங்கள், அதற்காகவே அவரை அந்த வலைக்குள் தள்ளிவிடலாம் போலிருக்கும். "வியூவாவது பாக்கலாமே" என்பார்கள் நம்மவர்கள். வியூவில் என்ன இருக்கிறது? வெள்ளை.

இதை ஊர் ஏக்கம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நான் கரூரில் வளர்ந்தவள். கரூர் வெயிலையும் எனக்குப் பிடிக்காது.

சமையலறை என் தலையில் விழுந்த கதையைச் சொல்ல வேண்டும். ஆரம்ப வருடங்களில் நாங்கள் நான்கு பெண்களுமே சறுக்கத் தெரியாதவர்கள். ஆண்களும் குழந்தைகளும் காலையில் கிளம்பிப் போனதும் நாங்கள் நால்வரும் வெங்காயம் நறுக்கிக்கொண்டு, மாமியார்களைத் திட்டிக்கொண்டு, சத்தமாகச் சிரித்துக்கொண்டிருப்போம். அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. அப்புறம் ஒருத்தி கற்றுக்கொண்டாள். அடுத்த வருடம் இன்னொருத்தி. மூன்றாமவள் "எனக்கு முட்டி வலிக்கும்ப்பா" என்று என்னிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு மறுநாளே வகுப்பில் சேர்ந்தாள். சமையலறையிலிருந்து வெளியே போக அவர்களுக்குக் கிடைத்த ஒரே வழி அந்த மலைச்சரிவுதான். போனதில் எனக்குக் கோபம் இல்லை. போனவர்கள் மதியம் திரும்பி வந்து, கன்னம் சிவக்க, தட்டை நீட்டி, "உன் ரசம் இல்லன்னா இந்தக் குளிர்ல செத்தே போயிருப்போம்டீ" என்று சொன்னார்கள் பாருங்கள், அதில்தான் கோபம்.

"நீ சும்மாதானே இருக்க" என்பது கணவரின் பாட்டு. "நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்பது கேபின்காரரின் பாட்டு. அவர்கள் எடுக்கும் அதே லீவைத்தான் நானும் என் மேனேஜரிடம் கேட்டு எடுக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு போய், தெரியாத வீட்டின் மொண்ணைக் கத்தியில் பதினைந்து பேருக்குக் காய் நறுக்குகிறேன். மிளகாய் தாளித்தால் புகை அலாரம் அலறும். ஜன்னலைத் திறந்துவைத்து, ஸ்டூல்மேல் ஏறி, துண்டால் விசிற வேண்டும். திறந்த ஜன்னல் வழியாக வருகிற குளிரில் மாவு புளிக்காது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். வாசலை ஒட்டிய அறையில் ஈர பூட்ஸைக் காயவைக்க ஒரு சூட்டு ஸ்டாண்ட் இருக்கும். இரவு மாவுப் பாத்திரத்தை அதன்மேல் ஏற்றிவைத்துவிடுவேன். ஒரு வருடம் மாவு பொங்கி, கேபின்காரரின் பூட்ஸ் ஒன்றுக்குள் இறங்கிவிட்டது. காலையில் அவர் சாக்ஸ் காலை உள்ளே விட்டார். வீட்டில் யாருமே சிரிக்கவில்லை. எல்லாருக்கும் சேர்த்து நான் சிரித்தேன். வேண்டுமென்றேதான் செய்தேன் என்று இன்றுவரை நம்புகிறார். நானும் மறுக்கவில்லை.

இதெல்லாம் எரிச்சல். எரிச்சலோடு மனிதர் ஆண்டுக்கணக்கில் வாழலாம். இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது வேறு.

மகளுக்கு அப்போது பன்னிரண்டு. சரிவில் யாரோ ஒரு தடியன் பின்னாலிருந்து வந்து மோதி, விழுந்து, உதடு கிழிந்துபோய் வந்தாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பயந்துவிட்டாள். "ஐ ஆம் டன், அம்மா" என்றாள். "இனிமே நான் உன்கூட கேபின்லயே இருக்கேன்."

மறுநாள் என்னோடு இருந்தாள். உருளைக்கிழங்கு தோல் சீவினாள், கொத்தமல்லி ஆய்ந்தாள், பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னாள். வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிற பெண் ஒரு நாள் முழுக்க என் தோளோடு தோள் உரசி நின்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்.

சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். கேபின்காரர் ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அடடே, சின்ன மேடமும் கிச்சன்ல சேந்துட்டாங்களா? குட் கேர்ள். பாப்பா, அங்கிளுக்கு ஒரு டீ போடும்மா."

அவள் உடனே எழுந்தாள். ஒரு நொடி யோசிக்கவில்லை. அவருடைய மகனுக்கும் அதே வயது. சோபாவில் மல்லாந்து படுத்துப் போனில் விளையாடிக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை. என் மகள் பாலை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் சறுக்கவில்லை என்பதால் சமைக்கிறேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன். விஷயம் அதுவல்ல. மலைமேல் போகாத பெண் யாராயிருந்தாலும் அடுப்பங்கரைக்கு உரியவள் என்று இவர்கள் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வயது உதடு கிழிந்த பிள்ளையானாலும் சரி.

"பாலை உள்ள வை. வந்து உட்காரு" என்றேன்.

"இட்ஸ் ஓகேம்மா, எனக்குப் போடத் தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். உட்காரு."

கணவர் கூடத்திலிருந்து வந்தார். "ஒரு டீதானே. அதுக்கு எதுக்கு சீன் போடற?"

"டீ வேணும்னா அடுப்பு இங்க இருக்கு. யாருக்கு வேணுமோ அவங்க வந்து போட்டுக்கட்டும்."

யாரும் போடவில்லை. அந்த வீட்டில் அன்று டீயே இல்லை. கேபின்காரர், "பரவால்லைங்க, நான் சும்மா கேட்டேன்" என்று நெளிந்தார். மகள் என்னை முறைத்துவிட்டு, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை நானே அவளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சறுக்குப் பள்ளியில் விட்டேன். வழியெல்லாம் அழுதாள். "யூ டோன்ட் ஈவன் ஸ்கீ. யூ ஹேட் இட்" என்றாள். முழுக்க உண்மை.

"ஆமா, எனக்குப் பிடிக்காது. உனக்கும் பிடிக்கலன்னா வேணாம், நாம வீட்டுக்கே போயிடலாம். ஆனா விழுந்துட்டேன்னு பயந்துகிட்டு வந்து கிச்சன்ல உட்காராத. அங்க உட்கார்ந்துட்டா அப்புறம் உன்ன எழுந்திருக்க விடமாட்டாங்க."

என் தமிழ் அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். என்னுடையது பனிக்கான பூட்ஸ் இல்லை. கால் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்யச் சொல்லி, உலகத்திலேயே எனக்குப் பிடித்த ஒருத்தியைப் பிடித்துத் தள்ளிவிட்டு நின்றேன். அன்று மதியம் கேபினில் சமையல் இல்லை. எல்லாரும் மலைக்கூடத்தில் எதையோ வாங்கித் தின்றுவிட்டு வந்தார்கள். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தில் நான் நன்றாகத் தூங்கினேன்.

வாரம் முடிவதற்குள், சரிவின் உச்சிக்குக் கம்பியில் தொங்கிப் போகிற நாற்காலி லிஃப்டில் அவள் தனியாக ஏறிப் போனாள். அடுத்த வருடம் எங்கள் கூட்டத்தில் அவளைவிட நன்றாகச் சறுக்குகிறவர் யாரும் இல்லை. கேபின்காரர் இறங்கத் தயங்கும் சரிவுகளில் அவள் இறங்குவாள் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் உயிர் போய்விடும். இவள் தப்பிவிட்டாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். என் வரையில் அந்த மலை ஒரே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது என்று அதற்கு ஒரு சலுகைகூடக் கொடுத்தேன்.

அந்தத் தைரியத்தில்தான் இந்தக் குளிர்காலம் வரவில்லை என்று சொன்னேன். கேபின் தேதியைக் கணவர் சொன்னதும், "நான் வரல" என்றேன்.

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். எனக்கு அங்க வேலை இல்ல."

"அப்ப சாப்பாட்டுக்கு?" என்றார். கேட்டுவிட்டு முகம் சுருங்கியது. அந்த அளவுக்கு நல்ல மனிதர்தான்.

கேபின்காரரும் போன் செய்தார். "நீங்க இல்லாம எப்படிங்க? நீங்கதான் எங்க குரூப்போட பேக்போன்." இத்தனை வருடத்தில் என்னை அவர் முதுகெலும்பு என்று சொல்வது இதுதான் முதல் தடவை. வாழ்த்துகள் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மகள் மட்டும், "குட் ஃபார் யூ, அம்மா" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டாள்.

அவர்கள் கிளம்பிய காலையில் ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம்கூடக் கட்டிக் கொடுக்கவில்லை. கை பரபரத்தது. பரபரத்த கையால் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி திரும்பியதும் வீடு அமைதியாகிவிட்டது. அன்று முழுவதும் நான் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன், தூங்கினேன், எழுந்து ஏரியா முழுக்க நடந்தேன். சும்மா இருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பிரமாதமாக இருந்தது.

மறுநாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. மகள். அவள் அந்த நேரத்தில் கூப்பிட்டால் விழுந்திருக்க வேண்டும். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"அம்மா, பருப்புக்கு எத்தனை விசில் விடணும்? த்ரீ விட்டேன். இன்னும் ஹார்டா இருக்கு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீ எங்க இருக்க?"

"கேபின்ல."

"ஏன் கேபின்ல இருக்க? மலையில பனி இல்லையா?"

"நிறைய இருக்கு. நைட் ஃபுல்லா ஸ்னோ." அப்புறம் சேர்த்துக்கொண்டாள்: "இட்ஸ் த பெஸ்ட் டே, ஆக்சுவலி."

"அப்பா எங்க?"

"ஸ்கீ பண்றாங்க. எல்லாருமே." குரலைத் தாழ்த்திக்கொண்டாள், சமையலறையில் அவளைத் தவிர யாரும் இல்லாதபோதும். "நேத்து டின்னர் யாருக்கும் பிடிக்கல. ஃப்ரோசன் பரோட்டா. சோ அங்கிள் சொன்னாங்க, அம்மாகூட இருந்து பார்த்திருக்கல்ல, உனக்குத்தான் தெரியும், இன்னிக்கு லஞ்ச் மட்டும் நீ பாத்துக்கோன்னு. அப்பாவும் ஒரு நாள்தானேன்னு சொன்னாங்க. இட்ஸ் ஃபைன் அம்மா. ஐ டோன்ட் மைண்ட்."

பரவாயில்லை என்கிறாள். அடுப்படியில் தனியாக நின்ற முதல் வருடம் நானும் பரவாயில்லை என்றுதான் சொன்னேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. ஒரு வேளை சாப்பாடுதானே, இருக்கட்டும் என்றேன்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று தெரியவில்லை. அந்தக் கேபினில் அத்தனை பேர் இருந்தார்கள். அடுப்பு எரியவிடத் தெரிந்த மூன்று பெண்கள், சம்பளம் வாங்கிப் பெரிய பெரிய டீம்களை நடத்துகிற நான்கு ஆண்கள், இவளைவிடப் பெரிய பையன்கள் இரண்டு பேர். அத்தனை பேரையும் விட்டுவிட்டு, அந்த மலையிலேயே நன்றாகச் சறுக்கத் தெரிந்த ஒருத்தியை, வருடத்தின் நல்ல பனி விழுந்த நாளில் பிடித்து அடுப்படியில் நிறுத்தியிருக்கிறார்கள். சறுக்கத் தெரிந்தால் தப்பித்துவிடலாம் என்று நான் போட்ட கணக்கெல்லாம் குப்பை. நான் காலி செய்த இடம் காலியாகவே இருக்கும் என்று நினைத்தேனே, என்ன மடத்தனம். அவளுடைய அப்பாவே கையைப் பிடித்து அங்கே உட்காரவைத்திருக்கிறார்.

"அடுப்ப அணை" என்றேன்.

"பட் பருப்பு இன்னும்..."

"அப்படியே கிடக்கட்டும். அணை."

குமிழைத் திருகும் சத்தம் கேட்டது.

"இப்ப போய் பூட்ஸ மாட்டு. வாசல்ல வர்ற ஷட்டில் பஸ்ஸப் பிடி. லிஃப்ட் சாயங்காலம் வரைக்கும் ஓடும் இல்ல?"

"அம்மா, இன்னும் ஒன் ஹவர்ல எல்லாரும் லஞ்சுக்கு வந்துருவாங்க. எல்லாருக்கும் பசிக்கும்."

"பசிக்கட்டும்."

நம் அம்மா இப்படியெல்லாம் பேசுவாளா என்று யோசிக்கிறாள்போலும். பருப்புக்குப் போய் வருத்தப்படுகிறாளோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பிறகு அவளிடமிருந்து ஒரு சின்னச் சிரிப்பு வந்தது, மூச்சு விடுகிற மாதிரி.

"ரியலி?"

"ரியலி. யாராவது கேட்டா அம்மா சொன்னாங்கன்னு சொல்லு."

போனை வைக்காமல் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மரத்தரையில் ஓடுகிற சத்தம். ஜாக்கெட்டின் ஜிப். பூட்ஸின் கொக்கிகள் ஒவ்வொன்றாக மாட்டுகிற சத்தம். கதவு திறந்ததும் போன் முழுக்க ஒரே காற்று. "பை அம்மா" என்று கத்தினாள். கதவு சாத்திக்கொண்டது.

அப்புறம் அவளுடைய அப்பாவுக்குப் போன் போட்டேன். மலைமேல் இருந்தார்போல, எடுக்கவில்லை. எடுக்கிறவரை விடாமல் போட்டேன்.